கம்பெனியில் மட்டும்தான் விட வேண்டும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

இல்லை, காரை சர்வீஸுக்குக் கம்பெனியில்தான் விட்டேன். முதலில் கம்பெனியில்தான் விட்டேன். அந்த 'முதலில்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நலம் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். என் நலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மாற்றலாகிப் போகும்போது சாவியை என் கையில் வைத்துச் சொன்னீர்கள்: "கம்பெனில மட்டும்தான் விடணும். வெளிய எவனாவது பானட்டத் தொறந்தான்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வண்டியத் திருப்பி எடுத்துக்குவேன்." பக்கத்தில் சித்தி தலையாட்டினார். இந்த வண்டி போனால் என் வேலையும் போகும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும்.

கம்பெனி ஒரு ஆஸ்பத்திரி மாதிரி. கண்ணாடிச் சுவர். குளிர். பேசாமல் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள். டை கட்டிய ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு மேடம்?"

"எப்படி?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

நான் ஏமாறத் தயாராக இல்லை. முந்தைய நாளே பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் மேல் நீல நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். புதிதாக மாற்றினால் பொட்டு இருக்காது. மாற்றாமல் பில் போட்டால் பொட்டு காட்டிக்கொடுக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. சொந்த மூளை.

மாலையில் வண்டி வந்தது. குளித்த பிள்ளை போல. காலடியில் கம்பெனி பெயர் அச்சடித்த காகித விரிப்பு. பில்லில்: ஏர் ஃபில்டர், மாற்றப்பட்டது. அங்கேயே பானட்டைத் திறந்தேன். பொட்டு இருந்தது. நீலமாக, அமைதியாக, என்னைப் பார்த்துக்கொண்டு. நான் கத்தினேன் சித்தப்பா. நான்! வகுப்பில் 'உள்ளேன்' சொல்வதற்கே மூன்று முறை எச்சில் விழுங்கியவள். "திருட்டுப் பசங்களா!" என்றேன். நின்றது அவர் ஒருவர்தான். ஆத்திரத்தில் பன்மை வந்துவிட்டது. "மேடம், அது வந்து..." என்றார். வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் திருப்பத்தில் திரும்பினேன். அது கம்பெனிக்குப் பின்னால் ஓடும் சந்து. அங்கே ஒரு ஷெட். கம்பெனிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. எஞ்சின் சத்தம் கேட்டதும், தலையைக்கூட வெளியே எடுக்காமல் சொன்னார்:

"வாங்க சார்."

நான் சார் இல்லை என்றேன். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். அதை முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"சார் வரலையா? கழுத்து வலி எப்படி இருக்கு? அந்தப் பெரிய தலகாணிய விடச் சொன்னேனே, விட்டாரா?"

உங்கள் கழுத்து. உங்கள் தலையணை. நான் அங்கே கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

"எத்தனை வருஷமா அண்ணா?"

"ஆச்சும்மா, ஆறு வருஷம்."

பானட்டைத் திறந்தவர் சிரித்தார். "அட, நீங்களும் வச்சிட்டீங்களா? உங்க குடும்பத்துல எல்லாரும் ஒரே இடத்துலதான் வைப்பீங்களோ?" என் நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் துணியால் துடைத்தார். தூசிக்கு அடியில் இன்னொரு பொட்டு. பழையது. காய்ந்து வெடித்திருந்தது. மெரூன்.

சித்தப்பா, அந்த நிறத்தை எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், கல்லூரியில் சேர்ந்து உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, சித்தியின் மெரூன் நெயில் பாலிஷ் காணாமல் போனது. மூன்று நாள் விசாரணை. "நீதானே எடுத்தே? சொல்லிடு, திட்டமாட்டேன்" என்றார் சித்தி. சொல்லாததற்கும் திட்டினார். நீங்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தீர்கள். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. ஒரு மனிதர் இவ்வளவு மெதுவாகவா படிப்பார் என்று அப்போதே நினைத்தேன்.

இது முடிவு என்று நினைத்தேன். இல்லை. மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நான் செய்ய ஒண்ணுமில்ல" என்றார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு காகித விரிப்பை எடுத்தார். கம்பெனிக் காகிதம். நான் கசக்கியிருந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மடிப்புக் கலையாமல் விரித்தார்.

"இது எதுக்கு?"

"சார் வண்டின்னா இதப் போட்டுத்தான் அனுப்பணும். வீட்டுல பாப்பாங்களாம். கம்பெனிலேர்ந்து கடைசியா கெளம்புறப்ப ஒரு கட்டு அள்ளிட்டு வந்தாரு. இன்னும் பதினொண்ணு இருக்கும்மா."

ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் சித்தி கதவைத் திறந்து, அந்தக் காகிதத்தைப் பார்த்து, "கம்பெனின்னா கம்பெனிதான்" என்று சொல்வார். நீங்கள் "பின்னே?" என்பீர்கள். அந்த 'பின்னே' என் காதில் இன்னும் நிற்கிறது.

கிளம்பும்போது மெக்கானிக் சொன்னார்: "மூடிய ஒருநாள் தொறந்து பாருங்கம்மா." என் மனதைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் யோசித்தேன்.

ஆகவே, வண்டியைத் திருப்பி எடுக்கும் உரிமையை நீங்கள் ஆறு வருஷத்துக்கு முன்பே இழந்துவிட்டீர்கள். எடுத்தால், மெரூன் பற்றிச் சித்தியிடம் பேச நேரிடும். பேச விருப்பமில்லை.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் கழுத்துக்கு என் பிரார்த்தனை. உங்கள் ஆசியை நாடும், வேறு வழியும் இல்லாத,

அண்ணன் மகள்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் வண்டியின் கையேட்டைப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். நான் பொட்டு வைத்தது ஃபில்டர் மேல் இல்லை. ஃபில்டர் இருக்கும் பெட்டியின் மூடி மேல். மூடியை யாரும் மாற்றுவதில்லை. நான்கு கொக்கிகளைக் கழற்றித் திறந்தேன். உள்ளே புத்தம்புது ஃபில்டர், வெள்ளை வெளேரென்று. உங்கள் பொட்டும் அதே மூடி மேல்தான். ஷெட்டுக்கு ஓடினேன்.

"சாருக்கு ரெண்டாவது வருஷமே மூடியத் தொறந்து காட்டினேன்மா. மூடிய அவரே திரும்ப மாட்டினாரு. கம்பெனிக்கே திரும்பிப் போங்க சார்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னாரு."

"அங்க அப்படி என்ன சொல்லிட்டாரு?"

"நீங்க சொன்னதுதான். பன்மைலதான். சுவரு ஒண்ணுதானேம்மா, ரெண்டும் கேட்டுச்சு. நீங்களாவது போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சாவி தரும்போது நீங்கள் சொன்னது இப்போதுதான் புரிகிறது: கம்பெனி ஏமாற்றவில்லை என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறீர்கள். மேலே எழுதியதை அடிக்கவில்லை. திரும்பப் படிக்கத் தைரியமில்லை.

மன்னிப்புக் கேட்கக் கம்பெனி வாசல்வரை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டை கட்டியவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் டையைச் சரிசெய்தார். நான் இண்டிகேட்டர் போட்டு, பின்சந்துக்குள் திருப்பி, ஞாயிற்றுக்கிழமைக்காக இன்னொரு விரிப்பு வாங்கிக்கொண்டேன்.