மாற்று விரிசல்

அணுக்கழிவைப் பீப்பாயில் போட்டு வைத்திருப்பது ஆபத்து. அதைப் பீங்கானோடு சேர்த்துச் சுட்டு, வில்லையாக்கிப் புதைத்துவிட்டால் யுகக்கணக்கில் அசையாது. மனிதகுல நன்மைக்கான இந்த மகத்தான திட்டத்தில் வில்லை சுடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை நான் சுட்டது கழிப்பறைக் கோப்பைகள். ‘சம்பந்தப்பட்ட துறையில் நீண்ட அனுபவம்’ என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

எனக்கும் இதில் அக்கறை உண்டு. அந்தப் பீப்பாய்கள் கிடப்பது என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்.

“அதை எப்பங்க எடுப்பாங்க?” என்பாள் மனைவி.

“என் வில்லை தேறட்டும், மறுநாளே காலி.”

சோதனைக்கு, கழிவில் இருக்கும் அசல் புளூட்டோனியத்தைத் தொட முடியாது. அதற்குப் பதிலாகச் சீரியம் என்று ஒரு சாது. குணத்தில் ஏறக்குறைய அண்ணன் தம்பி. ஆனால் இந்தச் சாதுவுக்கு ஒரு கெட்ட பழக்கம். உலைக்குள் போகும்போது ‘என் மின்னேற்றம் நான்கு’ என்று விறைப்பாக நிற்கும். சூடு ஏறினால் கையிலிருக்கும் ஆக்சிஜனை விட்டுவிட்டு மூன்றுக்கு இறங்கிவிடும். ஆறினதும் மறுபடி நான்கு என்று முறுக்கும். அந்த முறுக்கலில் வில்லையில் விரிசல் விழும்.

இதை எனக்கு விளக்க ஒரு விஞ்ஞானி படாதபாடு பட்டார். அவசியமே இல்லை. நான் பேரம் பேசும் லட்சணமும் அதுதான்.

வில்லையைப் பார்வையிடக் குழு கூடியது. தலைவர் விடுப்பில் இருந்ததால் பொறுப்புத் தலைவர் வந்திருந்தார். உறுப்பினர்களுக்குப் பதிலாக அவர்களுடைய உதவியாளர்கள்.

“விரிசல் இருக்கே?” என்றார் பொறுப்பு.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. “சார், உள்ளே இருக்கிறது அசலா?”

“இல்லை, மாற்று.”

“மாற்றுல விழுந்தது எப்படி சார் அசல் விரிசலாகும்? அதுவும் மாற்று விரிசல்தானே?”

பொறுப்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட, இதை நாம யோசிக்கவே இல்லையே!”

“யோசிக்க வேண்டியவர் லீவுல இருக்கார் சார்,” என்றார் ஓர் உதவியாளர்.

‘மேற்படி விரிசல் மாற்று விரிசலே என்பதால், விழவில்லை எனக் கருதப்படுகிறது.’ ஆணை வந்துவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“தேறிடுச்சு! கழிவை என் வில்லைக்குள்ள வெச்சுப் புதைக்கப் போறாங்க!”

“எங்க?” என்றாள் மனைவி.

அதை நான் கேட்கவில்லை. பொறுப்பிடம் திரும்பி ஓடினேன்.

“எங்க சார் புதைக்கிறீங்க?”

“இப்போ இருக்கிற இடத்துலயே. வில்லைதான் உறுதியாச்சே, எதுக்கு வீணா தூக்கிட்டு அலையணும்?”

“ஐயோ, அதுல விரிசல் இருக்கு சார்!”

“மாற்று விரிசல்,” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

மேசையை ஓங்கித் தட்டினேன். “நாலு மைல் தள்ளிப் புதைங்க. இல்லேன்னா நடக்கிறதே வேற!”

“வேணாம்னா சொல்லுங்க, வேற உலைக்காரரைப் பார்த்துக்கறோம்.”

சூடு ஏறியது. மூன்று மைல் என்றேன். இன்னும் ஏறியது. கடைசியில், பின்சுவரை மூன்றடி உயர்த்தித் தருவதாக அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். நான் யார்!

வெற்றிச் செய்தியோடு வீட்டுக்குப் போனால், மனைவி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். “நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். எனக்குப் பதிலா யாரையாவது வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் மாற்று அசல் எல்லாம் ஒண்ணாச்சே.”

வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல முறுக்கினேன்: இனி நான்கு மைலுக்கு ஓரடி குறைய மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. இந்த விவகாரத்தில் யாருக்கும் பதிலாக வராமல், தானே நேரில் வந்திருப்பது அந்தக் கழிவு ஒன்றுதான்.