மோர்மிளகாய் அங்கிளும் வெள்ளிக் கிரீடங்களும்

எந்த நாட்டையும் ஒரு சட்டி மோர்மிளகாயால் திருத்திவிடலாம் என்று மனதார நம்பியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருக்கும் டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் மேல்வீட்டில் இருந்தார். கட்டடம் முழுவதற்கும் அவர் மோர்மிளகாய் அங்கிள்.

அவர் மிளகாயை எண்ணெயில் போட்டால் கீழே முதலில் இருமுவது என் மகள். உடனே படியேறி ஓடி, "அங்கிள், ஜன்னலைத் திறவுங்கோ! அலாரம் அடிக்கப்போகுது!" என்று கத்துவாள்.

"மணத்தை வெளியில விட்டா பிறகென்ன மிச்சம், குஞ்சு?" என்பார். திறக்கவேமாட்டார். அலாரம் அடிக்கும். தீயணைப்பு வண்டி வரும். வந்தவர்களுக்கும் தட்டை நீட்டுவார். ஒருவர் மட்டும் வாங்கிக் கடித்தார். அடுத்தமுறை அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

இவரும் எங்களுடன் சீனாவுக்குச் சுற்றுலா வந்தார், பெட்டி நிறைய மோர்மிளகாயோடு. ஃபெங்ஹுவாங் என்ற பழைய ஆற்றங்கரை ஊரில் தங்கினோம். மியாவ் என்ற சிறுபான்மை மக்கள் வாழும் ஊர். ஆற்றுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள். தண்ணீரைக் கடக்க வரிசையாகக் கற்கள். இங்குள்ளவர்களும் நல்ல உறைப்புத் தின்பவர்கள் என்று வழிகாட்டி சொன்னதும் அங்கிளின் முகம் சுருங்கியது. "பாப்பம்," என்றார், போட்டிக்குப் போகிறவர் மாதிரி.

அங்கே மியாவ் உடுப்பும் வெள்ளிக் கிரீடமும் வாடகைக்கு எடுத்துப் படம் பிடிப்பது வழக்கம். மகளும் உடுத்தினாள். உடுப்பில் பை இல்லாததால் போனை என் கைப்பைக்குள் போட்டாள். ஒரு படகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். கரை முழுக்க வெள்ளிக் கிரீடங்கள்! எல்லாரும் ஒரே நீல உடுப்பு, ஒரே சலங்கை. ஒருத்தியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். யாரோ ஒரு சீனத்துப் பெண். சிரித்தபடி என்னோடு நின்று படமும் எடுத்துக்கொண்டாள். என் கண் போனதெல்லாம் ஆற்றின் மேலும், அந்த ஈரக் கற்களின் மேலும்தான்.

"அண்ணை, பிள்ளையைக் காணேல்லை!"

"நீரும் ஓடித் துலையாதையும். நில்லும்," என்ற அங்கிள், கரையிலேயே நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குள் நுழைந்தார். விடுதிக்கார மியாவ் அம்மாவிடம் கையால் ஜாடை காட்டி அடுப்பைக் கேட்டு வாங்கினார். எண்ணெய் ஊற்றினார்.

"உங்களுக்கு இப்பவோ அண்ணை சாப்பாடு?" என்று அலறினேன்.

"கத்தாமல் எல்லா ஜன்னலையும் திறந்துவிடும்!"

நான் கேட்டதை நம்பமுடியாமல் திறந்தேன். புகை ஆற்றின் மேல் இறங்கியது. கரையில் கிரீடங்கள் எல்லாம் திரும்பின. சலங்கைகள் குலுங்க ஊரே இருமியது. விடுதிக்கார அம்மா மட்டும் இருமாமல் பொரித்த மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்து, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அங்கிள் அவரை மரியாதையோடு பார்த்தார்.

கீழே ஒரு கிரீடம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது. "அங்கிள், ஜன்னலைத் திறவுங்கோ!"

"திறந்துதான் கிடக்கு. மேல வா, குஞ்சு!"

நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

இப்போது அங்கிள் எங்களுக்குக் கிழக்கே உள்ள அஜக்ஸ் நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். புது வீடு, பொரிக்க விடமாட்டார்களாம். மகள் கம்பஸ் வகுப்பு முடிந்து வரப் பிந்தினால் நான் மோர்மிளகாய் பொரிக்கிறேன். அவள் வாசலிலேயே இருமிக்கொண்டு, "அம்மா, ஜன்னல்!" என்கிறாள்.

அவள் வருமுன்னரே திறந்துதான் வைத்திருக்கிறேன், அஜக்ஸ் பக்கம் பார்க்கிற ஜன்னலை.