பால் பொங்கிய பக்கம்

ஒரு குடும்பத்தில் படித்தவன் ஒரே ஒருவனாக இருந்தால், அவன் படிக்காததையும் அவனிடம்தான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஒருவன் நான். எங்கள் வம்சத்தில் சுண்ணாம்பு அடிப்பதற்கு இல்லாமல் பாடம் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள். எழுபதுகளின் கடைசியில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது, அம்மா என்னிடம் காதுவலிக்கு மருந்து கேட்டாள். தறிக்கூடத்து மோட்டார் ஏன் சூடாகிறது என்று அப்பா கேட்டார். தன் ஆடு ஏன் இரை எடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்கா கேட்டாள். எல்லாருக்கும் பதில் சொன்னேன். (ஆடு செத்துப்போய்விட்டது.)

'தெரியாது' என்ற சொல் படித்தவன் வாயிலிருந்து வரக்கூடாது என்று அன்றைக்கு ஒரு கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கையின் தழும்பு இன்றும் என் வலது காலில் இருக்கிறது.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. ஓட்டுக் கூரை, சின்ன அடுப்படி, புறவாசலில் கிணறு. அப்பா விசைத்தறி ஓட்டினார். அம்மா வீட்டிலிருந்தபடியே தார் சுற்றிக் கொடுத்தாள். அதாவது தறிக்கான நூலைச் சின்னக் குழல்களில் சுற்றும் வேலை. தங்கை கோமதி ஒன்பதாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். சொந்த ஊரான பனவடலிசத்திரத்தை விட்டு நாங்கள் டவுனுக்கு வந்ததே அந்த மணிச் சத்தத்துக்காகத்தான்.

வைகாசி மாதத்தில் ஒருநாள் ராமலட்சுமி அக்கா கிணற்றடியில் வந்து நின்றாள்.

"எக்கா, சேதி தெரியுமா? உங்க வீட்ட வித்துட்டாவளாம். மேலநீலிதநல்லூர்க்காரரு ஒருத்தரு வாங்கியிருக்காரு. பத்திரமும் முடிஞ்சாச்சாம். மகனுக்குக் கல்யாணம் பண்ணி இங்கனதான் குடி வைக்கப் போறாவளாம்."

அம்மாவின் ராட்டை நின்றது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா, சேதியைக் கேட்டுவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"சாமானக் கட்ட வேண்டியதுதான். வேற என்ன செய்ய?"

"நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கலியே," என்றாள் அம்மா.

"ஆட்ட விக்கிறவன் அதுமேல இருக்க உண்ணிகிட்ட கேட்டுட்டா விக்கான்?"

(பட்டதாரியான என்னை யாரும் அதுவரை உண்ணி என்று சொன்னதில்லை.)

"இந்த வாடகைக்கு டவுனுக்குள்ள வேற வீடு எவன் தருவான்? ஊருக்குத்தான் போவணும்," என்றார் அப்பா. ஊருக்குப் போனால் வயசுப் பெண்ணைத் தினமும் பஸ் ஏற்றி அனுப்பமாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும். கோமதிக்கும் தெரியும். அவள் விரித்து வைத்திருந்த பூகோளப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான்.

"ஒருத்தரும் எங்கயும் போவ வேண்டாம். அதுக்குச் சட்டம் இருக்கு," என்றேன்.

"எந்தச் சட்டம்ல?"

"இருக்குப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பாத்தியா, இருக்காம்லா!"

என்ன சட்டம் என்று எனக்குத் துளியும் தெரியாது. மறுநாள் காலை நூலகம் திறக்குமுன்பே வாசலில் போய் நின்றேன். வாடகைச் சட்டம் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம் அட்டையில்லாமல் அகப்பட்டது. படிக்கப் படிக்க நெஞ்சு விரிந்தது. வீட்டை விற்றாலும் குடியிருப்பவர் உரிமை விலை போகாதாம். வாங்கியவர், விற்றவர் இடத்தில் வந்து நிற்கிறார்; அவ்வளவுதானாம். வாடகை ஒழுங்காகப் போகிறவரை, வீடு தனக்கே வேண்டும் என்றாலும் அவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டுமாம். உண்ணிக்கும் உரிமை உண்டு!

அத்தோடு புத்தகத்தை மூடியிருந்தால் என் கால் தப்பித்திருக்கும். அடுத்த பத்தியில் ஒரு எச்சரிக்கை இருந்தது: குடியிருப்பவர் தாமாகவே சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டால், பிறகு இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது.

சுவாதீனமா? புத்தி என்ற சொல்லுக்குப் பின்னால் வராமல் இந்தச் சொல் தனியாக நடமாடி நான் பார்த்ததில்லை. நூலகரிடம் கேட்டேன்.

"சார், சுவாதீனம்னா என்ன சார்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது இருக்கவன் இப்பிடிக் காலங்காத்தால வந்து என் உசுர எடுக்க மாட்டான்."

சரி, நானே கண்டுபிடித்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். வரலாற்று மாணவன் அல்லவா? ராஜா ஒரு ஊரைப் பிடித்தால் கொடி நடுவான். வீட்டைப் பிடிக்கிறவன்? வீட்டுக்குப் போய் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"எம்மா, நாம இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு மொதல்ல என்ன செஞ்சோம்?"

"பால் காய்ச்சினோம்."

"அதுக்கப்புறம்தான இது நம்ம வீடாச்சு?"

"ஆமா."

"அப்ப அதாம்மா சுவாதீனம்! நம்ம அடுப்புல அவங்க பால் பொங்கிட்டா நம்ம கதை முடிஞ்சிது."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினாள். ஆட்டுக்கும் அப்படித்தான் தலையாட்டினார்கள்.

எண்ணி இரண்டு நாளில் ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை புது வீட்டுக்காரர் பால் காய்ச்ச வருகிறாராம். வைகாசியை விட்டால் ஆவணிதான். சாமானை எதையும் எடுக்க வேண்டாம், அடுப்பை மட்டும் கொடுத்தால் போதும். காலி செய்வதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாமாம். 'அப்புறம்' என்ற சொல்லைக் கேட்டு நான் எகத்தாளமாகச் சிரித்தேன். என்னவொரு சூழ்ச்சி!

வெள்ளிக்கிழமை விடியலிலேயே குளித்து, கல்லூரி விழாவுக்குத் தைத்த பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றேன். அந்த பெல்பாட்டத்தின் அடிவாயில் ஒரு மரக்கால் நெல் கொட்டலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை வாங்கிய செல்லையா அண்ணாச்சி நல்ல உயரம், வெள்ளை வேட்டி. அவர் மனைவி பேச்சியம்மாள் கையில் மஞ்சள் கட்டிய வெண்கலப் பானை. பின்னால் மகனும், அவனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் தாய்மாமாவும், பால் செம்போடு நாலைந்து பெண்களும். சந்து நிறைந்துவிட்டது.

"நில்லுங்க!" என்றேன்.

"நிக்கத்தானய்யா செய்யுதோம்," என்றார் செல்லையா அண்ணாச்சி. "நீ வழிய விட்டா உள்ள போவோம்."

"நீங்க வீட்டத்தான் வாங்கியிருக்கீங்க. எங்கள வாங்கல."

"உங்கள வாங்கி நான் என்னய்யா செய்யப் போறேன்?"

சந்தே சிரித்தது. சிரிப்பு என்னை உசுப்பிவிட்டது. குரலை உயர்த்தி மேடைத் தமிழில் இறங்கினேன்.

"உரிமையாளர் மாறலாம், குடியிருப்பவர் உரிமை மாறாது! வீடு வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போங்கள். அதுவரை உங்களுக்குச் சுவாதீனம் கிடையாது. உங்கள் மகனுக்கும் கிடையாது. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்குமே சுவாதீனம் கிடையாது!"

சந்து கப்பென்று அடங்கியது. பெண்ணின் தாய்மாமா மெல்லத் திரும்பிச் செல்லையா அண்ணாச்சியைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, இத நீங்க எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

"எய்யா, என் மவனுக்கு என்னய்யா கொறை?" பேச்சியம்மாள் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நாலு பேரு நிக்கயில அவனப் போயிப் பைத்தியக்காரங்கியே, நீ நல்லாருப்பியா?"

"அந்தச் சுவாதீனம் இல்லம்மா. இது வேற சுவாதீனம்."

"இன்னும் எத்தன சுவாதீனம்ல எங்களுக்கு இல்லங்கிற?" என்றார் செல்லையா அண்ணாச்சி. அவர் மகன், தான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவோ என்னவோ, தாய்மாமாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

சுவரோரம் அப்பா நின்றிருந்தார். அன்றைக்கு அவர் தறிக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"நம்ம பய. எப்பிடிப் பேசுதான் பாத்தீரா வே?"

"என்ன பேசுதான்?"

"அது தெரியல வே. ஆனா நிறுத்தாமப் பேசுதான்லா!"

எனக்கு இன்னும் ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பத்தியை ஆரம்பிக்கும்போது எனக்குப் பின்னாலிருந்து பால் வாசம் வந்தது.

கூட்டத்தில் பேச்சியம்மாளைக் காணோம். பால் செம்பையும் காணோம். முன்வாசலில் நான் கோட்டையைக் காத்துக்கொண்டிருக்க, அம்மா புறவாசலைத் திறந்துவிட்டிருந்தாள்!

அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் பானை. பேச்சியம்மாள் ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா சுள்ளி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா! நீயே இப்பிடிச் செய்யலாமா?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா மஞ்சப் பானையோட வந்தவள வாசல்ல நிறுத்துதியே, நாம வெளங்குவமால?"

பால் ஓரத்தில் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துப் பானைக்குள் ஊற்றினேன். பால் அடங்கியது.

"ஏ பாவி! நல்ல நேரம் முடியப் போவுது!" என்று கத்திவிட்டுப் பேச்சியம்மாள் இன்னும் பலமாக ஊதினாள். பால் மறுபடி எழுந்தது, இந்தத் தடவை கோபத்தோடு. வேறு வழியில்லை. சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு பானையைப் பிடித்து இறக்கப் போனேன். பானை சாய்ந்தது. பால் பொங்கியது. பெல்பாட்டம் வாயைத் திறந்து ஒரு சொட்டு விடாமல் வாங்கிக்கொண்டது.

நான் அலறினேன். அதே நேரம், பால் பொங்கிவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். எது அலறல், எது குலவை என்று தெரியாமல் சந்தில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கோமதி வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து என் காலில் ஊற்றினாள். ஒவ்வொரு வாளிக்கும் அழுதாள், ஒவ்வொரு வாளிக்கும் சிரித்தாள்.

செல்லையா அண்ணாச்சி புறவாசலுக்கு வந்தார். "என்ன பேச்சி, பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?"

கிழக்கே பொங்கினால் நல்லது, வடக்கே பொங்கினாலும் நல்லது என்பார்கள். பேச்சியம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெழக்கயும் இல்ல, வடக்கயும் இல்ல. இந்தப் பய காலுல பொங்குச்சு."



"ஏங்க," என்றாள் பேச்சியம்மாள், குரலை இறக்கி. "நம்ம வீட்டு மொதப் பால வாங்கின காலு. இத வெளிய தள்ளிட்டு நம்ம பிள்ள இங்கன வந்து நல்லாருப்பானா?"

பெண்ணின் தாய்மாமா வேகமாகத் தலையை ஆட்டினார். "அது ஆவாது சம்பந்தி. சின்னஞ்சிறுசுகளுக்கு வேற எடம் பாத்துக்கிடுவோம்."

செல்லையா அண்ணாச்சி என் பக்கத்தில் குந்தினார். "எய்யா, நீ இருக்கலாம். உங்க அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் இருக்கலாம். வாடகைய மட்டும் இனிமே எங்கிட்டக் குடுத்துருங்க. ஆமா, இதுக்கு உன் சட்டம் என்ன சொல்லுது?"

"இதத்தான் சொல்லுது," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

உண்மையிலேயே அதைத்தான் சொன்னது. சுவாதீனம் என்றால் வீடு யார் கைவசம் இருக்கிறது என்பதுதான். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாமானோடு வெளியேறினால்தான் அது போகும். எங்கள் அடுப்பில் அவர்கள் ஒரு அண்டா பால் காய்ச்சிப் பாயசமே வைத்திருந்தாலும் எங்களை ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்த விளக்கம் அந்தப் புத்தகத்தின் மறுபக்கத்திலேயே இருந்தது. கால் ஆறிய பிறகு போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். நூலகர் என் நடையைப் பார்த்துவிட்டு, "சுவாதீனம் கெடச்சுதா?" என்றார்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். போகச் சொல்வதற்கு முன்பே மூட்டை கட்டுகிற குடும்பத்தில், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவன் 'போக மாட்டோம்' என்று சொன்னான். தப்பான சொல்லைப் பிடித்துக்கொண்டு, தப்பான வாசலில் நின்று சொன்னான், இருந்தாலும் சொன்னான். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. அப்பாவுக்கு என்னைவிட அதிகம். தறிக்கூடத்தில் அவர் கதை சொல்லச் சொல்ல, நான் பேசியது ஐகோர்ட் வரைக்கும் போய்விட்டது.

கோமதி பள்ளிக்கூடம் முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வேலைக்குப் போகிறவரை நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம். பேச்சியம்மாள் வாடகை வாங்க வரும்போதெல்லாம் என் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள். வீட்டுக்குள் யாராவது சாவியைத் தொலைத்தால், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனால், "உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் சுவாதீனம் கிடையாது!" என்று என் மேடைக் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். என் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டன.

பின்னாளில் கோமதி தன் சம்பளத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டினாள். எங்கள் குடும்பத்திலேயே முதல் சொந்த வீடு. பால் காய்ச்சும் அன்று வீடு நிறையச் சனம். பானையில் நுரை எழும்பும்போது டீச்சரம்மா திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"எல்லாரும் தள்ளுங்க. எங்க அண்ணனக் கூப்பிடுங்க. கால நீட்டச் சொல்லுங்க!"

அப்பா பக்கத்திலிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "சாதாரணக் காலு இல்ல பாத்துக்கிடுங்க. சட்டம் படிச்ச காலு."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பால் எழுந்தது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, பிறகு அழகாகக் கிழக்கே பொங்கியது. எல்லாரும் குலவை போட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.