மயானத் துறைக்கு மறுபடி வருபவர்கள்

மயான முன்பதிவுத் துறையின் இணையதளம் திறப்பதற்குள் பாதித் துக்கம் ஆறிவிடுகிறது என்று பொதுமக்கள் புகார் செய்துவந்தார்கள். தளத்தின் பொறுப்பாளர் முகப்பிலிருந்த இயக்குநரின் படங்களை எடுத்துவிட்டாள். தளம் கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. மக்கள் வந்தார்கள், நேரம் குறித்தார்கள், போனார்கள்.

மாத ஆய்வுக் கூட்டத்தில் இயக்குநரின் முகம் கறுத்தது.

"என்னம்மா இது? வர்றவங்க ஒரு நிமிஷம்கூடத் தங்க மாட்டேங்கிறாங்க!"

"வந்த வேலை முடிஞ்சிடுது சார்."

"அது தேடுபொறிக்குத் தெரியுமா? தளம் பிடிக்காம ஓடுறாங்கன்னு தேடல் பட்டியல்ல நம்மைப் பின்னாடி தள்ளிடும். அதை விடுங்க, ஒரு தடவை வந்தவங்க ஏன் மறுபடி வர்றதில்லை?"

"சார்... நாம மயானம்."

"சுற்றுலாத் துறைக்கு மட்டும் வர்றாங்களே, அவங்களுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவளுடைய பதவி உயர்வு வாசல்வரை வந்து நின்ற நேரம். "பண்ணிடலாம் சார்" என்றாள். 'பயனர் ஈடுபாட்டை மேம்படுத்தும் பொருட்டு' ஓர் ஆணை பிறந்தது. ஒரு பக்கப் படிவத்தை அவளே பதினோரு பக்கமாக்கினாள். இறந்தவரின் பெயருக்கும் வயதுக்கும் நடுவே இயக்குநரின் காணொளி உரை ஓடியது. 'இச்சேவையை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்பதற்கு 'ஆம்' சொன்னால்தான் அடுத்த பக்கம் நகரும்.

அடுத்த வாரம் அவளுடைய பெரியப்பா காலமானார்.

அவரைக் கூடத்தில் கிடத்திவிட்டு அண்ணன் போனை எடுத்தான். ஏழாம் பக்கத்தில், கையை உயர்த்திய இயக்குநரோடு தளம் உறைந்து நின்றது. "நீ தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று சித்தப்பா முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு மாமா, அத்தை, மாப்பிள்ளைகள். அழுதுகொண்டிருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தடவினார்கள். மதியம் தாண்டியது. பெரியப்பாவின் பக்கத்தில் பெரியம்மா மட்டும் இருந்தாள்.

"நீ அங்கதானே வேலை பார்க்கிறே? எந்தப் புண்ணியவான் இதை இப்படிப் பண்ணினான்?"

"சர்வர் பிரச்சினை பெரியம்மா" என்றாள்.

இருட்டுகிற நேரத்தில்தான் இடம் கிடைத்தது.

காரியங்கள் முடிந்து அவள் அலுவலகம் போனபோது இயக்குநர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"அசத்திட்டீங்கம்மா! போன வாரம் ஒரே தெருவிலிருந்து அத்தனை பேர்! மணிக்கணக்கா தங்கியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் அஞ்சாறு தடவை திரும்பி வந்திருக்காங்க! உங்க பதவி உயர்வுல கையெழுத்துப் போட்டுட்டேன். ஆமா, எங்கே ஆளையே காணோம்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். ஊழியரின் சொந்தக்காரர்கள் என்று தெரிந்தால் அத்தனை வருகையையும் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

"லேசா காய்ச்சல் சார்" என்றாள்.