மாடிப்படியும் மனித சுபாவமும்

ஒரே மாதத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியைப் பளபளக்க வைப்பேன், இல்லாவிட்டால் சங்கத் தலைவர் பதவியை விட்டு இறங்குவேன் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பெருக்க வந்த ஆள் நின்று ஆறு வாரமாகியிருந்தது. கைதட்டிய ஒருவரும் விளக்குமாற்றைத் தொடுவதாக இல்லை. நானும்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக நான் தொடாத பொருள் அது. அந்தச் சாதனையை விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆனால் நான் ஒரு புத்தகம் படித்திருந்தேன். அதட்டாமல், கெஞ்சாமல், மனிதனை நல்ல காரியத்தின் பக்கம் லேசாகத் தள்ளிவிடும் விஞ்ஞானம்.

முதலில் படிச்சுவரில் இரண்டு பெரிய கண்களை வரைந்து ஒட்டினேன். யாரோ பார்ப்பதுபோல் இருந்தால் மனிதன் ஒழுங்காக நடப்பானாம். மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா அதற்கு மூக்குக்கண்ணாடி வரைந்துவிட்டார். அச்சு அசல் நான்.

அடுத்து, "பன்னிரண்டில் பதினோரு வீடுகள் தினமும் படியைப் பெருக்குகின்றன" என்று எழுதிப் போட்டேன். இரண்டாம் மாடி கண்டக்டர் வழிமறித்தார்.

"சார், பெருக்காத அந்த ஒரு வீடு யாரு?"

"பேர் சொன்னா மனசு புண்படும்."

"எங்க வீடுதான் சார். மத்த பதினோரு பேரும் பெருக்கறீங்கல்ல, அப்புறம் நான் எதுக்கு?"

இதையே ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொன்னார்.

நான் அசரவில்லை. கடைசி ஆயுதம் பாக்கி இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் விளக்கினேன்.

"வாராவாரம் யார் பெருக்கணும்னு நாமளே பேர எழுதிடறோம். இஷ்டமில்லாதவங்க மூணு நாளைக்குள்ள பேர அடிச்சிடலாம்."

"எல்லாரும் அடிச்சிடுவாங்களே?"

"அங்கதான் விஞ்ஞானம்! எழுதி வச்சத எவனும் அடிக்க மாட்டான். படிக்கவே மாட்டான். கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவான்."

"படிக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"புஸ்தகமெல்லாம் படிக்கறவங்க கூடவா?"

"அவங்கதான் முதல்ல போடுவாங்க."

கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். நானே எழுதி எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வரேங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் மூளைக்கு மரியாதை.

மறுநாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது தாளை நீட்டினாள். "தலைவர் முதல்ல போடணும்ல?" கன்னமெல்லாம் நுரையோடு, சுவரில் வைத்துக் கம்பீரமாகப் போட்டேன்.

நாலாம் நாள் காலை ஆறு மணி. போர்வையை இழுத்து, கையில் விளக்குமாற்றைத் திணித்தாள்.

"என்னடி இது?"

"இந்த வாரம் உங்க முறை."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் வாரம் என் பேர். இரண்டாம் வாரம் என் பேர். பன்னிரண்டாம் வாரம் வரைக்கும் என் பேர்தான். கீழே அத்தனை வீட்டுக் கையெழுத்தும் இருந்தது. அவர்களெல்லாம் படித்துத்தான் போட்டிருக்கிறார்கள். கண்டக்டர் பக்கத்திலேயே "மிக்க மகிழ்ச்சி" என்று வேறு எழுதியிருந்தார்.

"அநியாயம்! இப்பவே அடிக்கறேன்!"

"கெடு நேத்தோட முடிஞ்சுதுங்க. நீங்க போட்ட சட்டம்."

"அப்ப தலைவர் பதவிய விட்டுடறேன்!"

"தாராளமா விடுங்க. தாள்ல தலைவர்னு எழுதல. உங்க பேரத்தான் எழுதியிருக்கேன்."

பெருக்கினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "சார், அந்த மூலை" என்றார் தையல்காரம்மா. இரண்டாவது வாரம் கண்டக்டர் வீட்டுக்குள்ளிருந்து, "அந்த மனுஷனப் பாத்தாவது கத்துக்குங்க" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நிமிஷம் அவரும் ஒரு விளக்குமாறோடு வெளியே வந்தார். மாதம் முடிவதற்குள் அத்தனை வீட்டுக் கணவன்மார்களும் படியில் இருந்தோம். படி பளபளத்தது.

சபதத்தில் ஜெயித்த பெருமையோடு கூட்டத்தில் எழுந்தேன். "யோசனை அம்மாவோடதுதானே?" என்றார் கண்டக்டர். என் மனைவியை ஒருமனதாகத் தலைவியாக்கிவிட்டார்கள்.

மனசு ஆறாமல் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தேன். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே ஒரு தாள். அதே அழகான கையெழுத்து. முதல் வாரத்திலிருந்து என் பேர். இந்தத் தடவை ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.

கெடு முந்தாநாளே முடிந்திருந்தது.