வாய் வீங்கிய மீனும் அண்ணனின் பித்தக்கல்லும்

காலை ஏழு மணிக்கே வளர்ப்பு மீன் கடை வாசலில் வரிசை. மூட்டுவலி, முதுகுவலி, மூச்சிரைப்பு என்று ஆளுக்கொரு நோய். எதிரே மருந்துக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நோயை வாயில் வாங்கிக்கொள்ளும் மீன் வந்த பிறகு மாத்திரை எதற்கு?

மூன்று மாதம் முன்புவரை மீன் கடைக்காரர் வெறும் கடைக்காரர்தான். பிறகு தாடி வளர்ந்தது, கூடவே ஞானமும் வளர்ந்தது, 'ஏரியானந்தர்' ஆகிவிட்டார். ஆறடித் தொட்டி, அடியில் வெள்ளை மணல். பின்பக்கம் சுண்ணாம்புக் கற்களை அடுக்கி, பொந்தும் குகையுமாக ஒரு மலை. செடி கிடையாது. நட்டால், சிக்லிட் என்கிற இந்த ஆப்பிரிக்க ஏரி மீன்கள் பிடுங்கி எறிந்துவிடும். முரட்டு மீன்கள் நோஞ்சான் ஒன்றையே குறிவைத்துக் கொல்லாமலிருக்க நாற்பதை நெருக்கி விட்டிருந்தார். இந்த மீன் வளர்க்கும் பலரும் செய்வதுதான். இவர் மட்டும் அதற்கு 'சபை' என்று பெயர் வைத்தார். மீன் மணலைத் தோண்டினால், "உங்க பகையப் புதைக்குது" என்பார்.

வைத்தியம் எளிது. கண்ணாடியில் கை வைத்து, கண்ணை மூடி, நூறு வரை எண்ண வேண்டும். கண் திறந்ததும் ஒரு மஞ்சள் மீனைக் காட்டுவார். அதன் தொண்டை புடைத்திருக்கும்.

"வாங்கிருச்சு! இனி இருபத்தோரு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கும். அதுவரைக்கும் டாக்டர் பக்கம் போனீங்க, நோய் ரெட்டிப்பாத் திரும்பும்!"

தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார். யாரும் சிரிக்கவில்லை. இருபது மஞ்சள் மீனில் எது ஏற்கெனவே வீங்கியிருந்தது என்று யாரும் பார்க்கவும் இல்லை.

என் அண்ணன் புத்தக பைண்டர். பித்தப்பையில் கல். வியாழக்கிழமை ஆபரேஷன். கத்தி என்பது காகிதம் வெட்ட மட்டுமே என்பது அவர் கொள்கை. கல்லை மீனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, ஆபரேஷனை ரத்து செய்யும்படி அண்ணியிடம் சொன்னார். அன்று மாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். எனக்குக் கோபம், அதைவிடப் பயம். தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணிக்குப் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை. அங்குள்ள மீன் தொட்டியும் அவர் பொறுப்புதான்.

"தொண்டை வீங்கின மஞ்சள் மீனா?" என்றார். "காலைல போவோம். தம்பி, நீங்களும் வாங்க."

மறுநாள் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு, கையில் வலையும் கிண்ணமுமாகக் கடையில் போய் நின்றார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் நோய வாங்கின மீன் எது?"

"அதோ, குகை வாசல்ல நிக்குதே."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என் கண்ணு தப்பாதும்மா!"

மீன் கல்லிடுக்கில் புகுமுன் வலையில் விழுந்தது. தொட்டித் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்து, கீழ்த்தாடையை விரலால் மெல்லத் திறந்தார் அண்ணி.

"ஐயோ! நோய் வெளிய வந்துரும்!" என்று பதறினார் ஏரியானந்தர்.

"வரட்டும். என்ன நோய்னு பாத்துடலாம்."

வந்தது. ஒன்று, இரண்டு, பதினைந்து. என் அண்ணனின் பித்தக்கற்களுக்குக் கண் இருந்தது, வால் இருந்தது. கிண்ணத்தைச் சுற்றி நீந்தவும் செய்தன.

"குஞ்சுங்க," என்றார் அண்ணி. "இந்த மீன் முட்டைய வாய்லயே வெச்சுப் பொரிக்கும். புள்ளைங்கள வாய்ல வெச்சுக்கிட்டு எந்தத் தாய் சாப்பிடுவா? எங்க கிளினிக் தொட்டிலயும் ரெண்டு இப்படித்தான் நிக்குது. அது யாரோட சொத்தைப் பல்ல வாங்கிச்சோ!"

ஏரியானந்தர் அசரவில்லை. "பாத்தீங்களா மகிமைய! கல்லுக்கே உயிர் வந்துருச்சு!"

கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

அண்ணி கீழ் அலமாரியைக் காட்டினார். சின்னத் தொட்டி, உள்ளே அதே குஞ்சுகள், மேலே விலை அட்டை. "அப்ப இதெல்லாம் யாரோட நோய்? ஜோடி ஜோடியா விக்கிறீங்களே?"

வரிசையில் நின்ற முடிதிருத்துபவர் முகம் வெளுத்தது. "போன மாசம் நாலு வாங்கிட்டுப் போனேனே! அது யாரோட மூலம்?"

கடை அதிரச் சிரிப்பு. அது அடங்குமுன் ஏரியானந்தர் பின்வாசல் வழியாக மறைந்துவிட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்தபடி, "வியாழக்கிழமைக்கு இனிமே இடம் கிடைக்குமா?" என்றார்.

"ரத்து பண்ணச் சொன்னீங்க. நான் பண்ணல. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும்."

கல்லை எடுத்துவிட்டார்கள். டப்பாவில் போட்டுக் கொடுத்ததை நானும் பார்த்தேன். கண்ணும் இல்லை, வாலும் இல்லை.

ஏரியானந்தர் இப்போது வேறு தெருவில் ஆமை வளர்க்கிறாராம். அங்கேயும் வரிசையாம். மீன் பட்டினி கிடந்தது தன் பிள்ளைகளுக்காக. வரிசையில் நிற்பவர்களே, நீங்கள் மூளையைப் பட்டினி போடுவது யாருடைய பிள்ளைகளுக்காக?