மேசைக்கு அடியிலிருந்து ஓர் அப்பீல்

இலங்கைத் தீவில் மேசைக்கு அடியில் இருந்துகொண்டே அரசாங்கத்தோடு வழக்காடிய மனிதர் ஒருவர்தான். அவரைக் கண்டியில் எல்லோரும், பட்டாளத்துப் பெரிய அதிகாரியைப் போல, கேணல் என்றார்கள். கேணல் என்றதும் உங்கள் கண்முன் மீசையும் குதிரையும் வந்து நிற்கும். மீசை இருந்தது. குதிரை இல்லை. பட்டாளத்தில் அவர் பார்த்த வேலை கோவேறு கழுதை ஓட்டுவது. அவருடைய சொந்தப் பெயரைப் பதினொரு தடவை டைப் அடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கண்டியில் ஒருவரும் அவரைக் காட்டித் தரமாட்டார்கள்.

நாலைந்து வருஷங்களுக்கு முன், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், வழக்குகள் பார்க்கிற ஒரு புரொக்டர் ஐயாவின் கந்தோரில் டைப்பும் சுருக்கெழுத்தும் என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கியிருந்தேன். ஒரு நாளில் நான் பேசுகிற வார்த்தைகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன், அதிகம் தேறாது. கந்தோருக்கு வருகிறவர்கள் என்னை டைப் இயந்திரத்தின் ஒரு பாகமாகவே எண்ணி, என் தலைக்கு மேலாக ஐயாவோடு பேசுவார்கள். கேணல் ஒருவர்தான் வாசலில் விறைத்து நின்று எனக்குச் சலூட் அடித்துவிட்டு உள்ளே வருவார்.

அவருடைய வழக்கு இதுதான். பெரிய யுத்தத்துக்குத் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து துரையோடு கப்பலேறியவர். மெசப்பொத்தேமியாவில் ஒரு பகல், அவர் ஓட்டிக்கொண்டிருந்த ஆறு கழுதைகளுக்கு நடுவே குண்டு விழுந்தது. ஆறும் செத்தன. நடுவில் நின்ற அவருக்குக் கீறல்கூட இல்லை. அதுதான் வினை. ஊர் திரும்பியவருக்கு விடியற்காலையில் தோட்டத்தில் அடிக்கிற தப்பு மேளச் சத்தம் தாங்கவில்லை. அங்கே இருக்க முடியாமல், மனைவியை விட்டுவிட்டு, கெலிஓயாவில் ஒரு கடையின் பின்னறைக்கு வந்து தனியே இருந்தார். உதவிப்பணம் கேட்டு மனுப் போட்டால், ‘காயம் இல்லை’ என்று தள்ளினார்கள். அப்பீல் செய்தார். மறுபடி தள்ளினார்கள். மறுபடி செய்தார்.

ஒருமுறை, உதவிப்பண மனுக்களை விசாரிக்கிற சபை சாட்சிகளின் பட்டியல் கேட்டது. கேணல் ஒரு நொடியும் யோசிக்காமல் எனக்குச் சொல்லச் சொல்ல எழுதினேன். லச்சுமி, ராணி, கருப்பாயி, மேரி, சின்ன ராணி, பவுனு. அனைவரும் காலமாகிவிட்டனர்.

புரொக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதென்ன, எல்லாம் பொம்பிளையளா இருக்கு?”

“கழுதைங்க, ஐயா.”

“கழுதையைச் சாட்சியாப் போட ஏலாது, காணும்.”

“வேற யாரு ஐயா பக்கத்துல இருந்தா?”

ஐயா கண்ணாடியை மறுபடி மாட்டினார். பெயர்களை வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை. அந்த மனுவும் தள்ளப்பட்டது.

மேசை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாவது அப்பீலோ ஏழாவதோ, ‘கனம் பொருந்திய’ என்று அவர் தொடங்கியபோது வெளியே ஒரு லொறியின் டயர் வெடித்தது. நிமிர்ந்து பார்த்தால் கதிரை காலியாக இருந்தது. கேணல் என் மேசைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. வாசலில் நின்ற இரண்டு கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கையை விசைகளின் மேல் வைத்தபடி இருந்தேன். சற்றுப் பொறுத்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

“எங்க விட்டேன் மிஸ்?”

“கனம் பொருந்திய வரைக்கும், அண்ணை.”

“அதுக்கு மேல எழுதுங்க.”

முழு மனுவையும் கீழே இருந்தபடியே சொல்லி முடித்தார். தாளையும் பேனாவையும் நான் குனிந்து நீட்டினேன். கையெழுத்து மற்ற நாட்களைவிட நன்றாக விழுந்திருந்தது.

“உந்தக் காசு வந்தா என்ன செய்வீங்கள்?” என்று அன்று கேட்டேன்.

“காசு கெடக்கட்டும் மிஸ். பொஞ்சாதியும் அவ அண்ணமாரும் நான் நடிக்கிறேன்னு சொல்றாங்க. இவனுக்கு என்ன, கையி காலு நல்லாத்தானே இருக்குங்கிறாங்க. சர்க்காரு கடுதாசியில நோவுன்னு எழுதிட்டா, அவ நம்புவா.”

இவ்வளவு நியாயம் இருந்தும் ஏன் தோற்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. பழைய கோப்புகளை வரிசையாக அடுக்கிப் படித்தேன். ஒவ்வொரு விசாரணைக் குறிப்பிலும் சபையின் டாக்டர் எழுதிய ஒரே வரி: நலமாக இருப்பதாக மனுதாரரே சொல்கிறார். அடுத்த செவ்வாய் நானே டாக்டராக நடித்துப் பார்த்தேன்.

“எப்பிடி இருக்கிறீர்?”

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். குதிகால்கள் ஒட்டின. “ஆல் வெல், சார்.”

“அப்பிடிச் சொல்லக் கூடாது, அண்ணை. நித்திரை வாறேல்லை, நெஞ்சு இடிக்குது எண்டு சொல்லோணும். எங்க, திரும்ப. எப்பிடி இருக்கிறீர்?”

“ஆல் வெல், சார்.”

ஒன்பது தடவை முயன்றேன். ஒன்பதாவதில் குரல் இன்னும் கம்பீரமாக வந்தது.

“ஆபீசர் கேட்டா வேற பதில் கெடையாது மிஸ்,” என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “சொகமில்லன்னு சொன்னவனை, கள்ளன், வேலைக்குப் பயந்தவன்னு வெயில்ல கட்டிப் போட்டாங்க. பாத்திருக்கேன்.”

“இந்த மனுசன் தன்ர கேஸுக்கு எதிராத் தானே சாட்சி சொல்லுது,” என்று ஐயா கையை விரித்தார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: குறித்து வைப்பது. மூன்று மாதம், அவர் வந்த ஒவ்வொரு செவ்வாயும் கண்டதைச் சுருக்கெழுத்தில் எழுதினேன். அடுத்த விசாரணைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று ஐயா என்னையே அனுப்பினார்.

டாக்டர் கேட்டார். கேணல் விறைத்து நின்று வழக்கமான பதிலைச் சொன்னார். டாக்டரின் பேனா தாளைத் தொடுவதற்குள் நான் எழுந்து, ஒரு குறிப்பு வாசிக்க அனுமதி கேட்டேன். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னேன், அவர் வழக்கு அவருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக.

தபால்காரர் கதவை அறைந்து சாத்தியதும் மேசைக்கு அடியில் பத்து நிமிஷம். பஸ் வெடிச்சத்தம் போடும் என்று கெலிஓயாவிலிருந்து நடந்தே வருகிறார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பெரஹரா ஊர்வல மாதத்தில் வெடி போடுவார்கள் என்று அறையை விட்டு வெளியே வருவதில்லை. பேச்சின் நடுவே கண்ணீர் வழிகிறது. வழிவது அவருக்குத் தெரிவதில்லை.

கடைசி வரியைத் தமிழில் சொன்னபோது கேணல் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இவையெல்லாம் உண்மையா என்று கேளுங்கள்,” என்றார் டாக்டர்.

கேட்டேன். ‘இல்லை’ என்று அவர் சொன்னால் நான் பொய்க்காரி. ஆம் என்றால் அவர் கள்ளன், வேலைக்குப் பயந்தவன். அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. கந்தோரில் ஒருநாளும் நான் பார்த்திராத விதமாக, ஒரு சாதாரண மனிதரைப் போல நின்றார்.

“மிஸ் பொய் எழுதமாட்டாங்க, சார்.”

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. யுத்தத்தால் ஏற்பட்ட மனநோய் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். மொழிபெயர்த்துப் பிரதி அடித்துக் கொடுத்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெல்தோட்டைக்கு நடந்து போனார்.

அடுத்த செவ்வாய் யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலைவாரும்போது கண்ணாடியைச் சற்று அதிகமாகப் பார்த்தேன், கந்தோருக்குக் கால்மணி முந்தியே போனேன்.

பத்து மணிக்குக் கேணல் வாசலில் நின்றார்.

“என்ன அண்ணை, மனுசி என்ன சொன்னா?”

“ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டா. அழுதா. சோறு போட்டா.” சட்டைக்குள் இருந்த கடிதத்தைத் தடவிக்கொண்டார். “கூட வரல, மிஸ். அவளுக்கு அங்கயே பழகிப் போச்சாம்.”

“இனி எதுக்கு அப்பீல்?”

“ஒன்னும் இல்ல. சும்மாத்தான் வந்தேன். கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாமா?”

கதிரையை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டேன். அன்று அடித்து முடிக்க வேண்டிய காணி உறுதிப் பத்திரங்கள் மூன்று இருந்தன. அவற்றை நாளைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, இயந்திரத்தை உறையால் மூடி, அறையில் அவரைத் திடுக்கிட வைக்கிற சத்தம் எதுவும் எழாமல் பார்த்துக்கொண்டேன்.